பதினேழு கார்களுக்கு இடம் தேடியவர்

ஜெரால்டின் அக்கா நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கார் ஓட்டும்போது உட்கார்ந்துதானே ஆக வேண்டும் என்பீர்கள். அப்போதும் இருக்கையின் நுனியில்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, சாலையோரத்தில் தெரிகிற காலி இடத்தையெல்லாம் எட்டிப் பார்த்தபடி வருவார். பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான் உயிர் போய் உயிர் வரும்.

"மதி, அந்த மரக்கடைக்குப் பின்னால பாருங்க. பதினேழு காடி நிக்குமா?"

"அக்கா, ரோட்டப் பாருங்க. முன்னால லோரி."

"லோரி போயிரும் லா. எடம் போயிருச்சுன்னா கெடைக்காது."

அவருக்கு ஐம்பத்தாறு வயது. கூலாயில் வீடு. செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் மேற்பார்வையாளர். வேலை நாளெல்லாம் கண்டெய்னர்களை எங்கே நிறுத்துவது என்று கத்திக்கொண்டிருப்பார். விடுமுறை நாளெல்லாம் எங்கள் கார்களை எங்கே நிறுத்துவது என்று அலைந்துகொண்டிருப்பார். எங்கள் சங்கத்தின் பெயர் பெரிது, ஆள் குறைவு. மொத்தம் பதினேழு பழைய கார்கள். நான் அதன் செயலாளர், மதிவாணன். என்னிடம் இருப்பது ஒரு டட்சன். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். வரிசையில் நின்று நின்று என் பொறுமையெல்லாம் பாலத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கும் சங்கத்துக்கும் மிச்சம் இருப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பழைய கார்களைப் பார்வைக்கு வைக்க இடமா கிடைக்காது என்று கேட்கிறவர்கள் பழைய கார் வைத்திருக்காதவர்கள். ஆரம்பத்தில் பேரங்காடிகள் எங்களைக் கூப்பிட்டுத்தான் இடம் கொடுத்தன. பளபளக்கும் வெள்ளைத் தரையில் நிறுத்தினோம். பழைய கார் என்றால் எண்ணெய் சொட்டும். சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும், உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம். மறுநாள் பதினேழு கறுப்பு வட்டங்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அதோடு சரி. மைதானம் கேட்டால் பந்து விளையாட்டு, சந்தை, அரசியல் கூட்டம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அன்றிலிருந்து அக்காவின் காரின் பின்பெட்டியில் எப்போதும் அட்டைகள் கிடக்கும். மளிகைக் கடைகளில் கேட்டு வாங்கிய பிஸ்கட் பெட்டிகளை விரித்து, ஒவ்வொரு இன்ஜினுக்கும் அடியில் ஒன்றாகப் போடுவார்.

இடம் பார்க்கிற வேலை முதலில் அவருடையதாக இல்லை. அவருடைய கணவர் பிரெட்ரிக் அண்ணனுடையது. அண்ணன் கூலாய்க்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருடம் மின்சாரப் பிரிவில் இருந்தவர். சங்கத்தின் ஒரே வோல்வோ அவருடையது, அறுபத்தாறாம் வருடத்துக் கார். கியர்க் கம்பி தரையிலிருந்து கைத்தடி உயரத்துக்கு நீண்டு நிற்கும். அந்தக் காரை வேறு யாரும் தொடக்கூட விடமாட்டார். ஓய்வு பெற்ற எட்டாவது மாதம் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, இடக்கையும் இடக்காலும் தளர்ந்துபோயின. இங்கே கார் ஓட்ட இடக்கை கியருக்கு வேண்டும், இடக்கால் கிளட்சுக்கு வேண்டும். கணக்கு முடிந்தது.

அவர் நடக்கலாம் என்றுதான் மருத்துவர்கள் சொன்னார்கள். நான்கு கால் ஊன்றுகோல் ஒன்றும் கொடுத்தார்கள். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கும், குளியலறையிலிருந்து முன்னறை நாற்காலிக்கும் போவார். அதைத் தாண்ட மாட்டார். வாசலில் இழுத்துச் சாத்தும் இரும்புக் கேட் ஒன்று, அது ஓடுவதற்குத் தரையில் ஒரு தண்டவாளம். விரற்கடை உயரம் இருக்கும். மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனதைத் தவிர, பதினான்கு மாதம் அவர் அதைத் தாண்டவில்லை. பழைய நண்பர்கள் வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். பார்க்கிறவனெல்லாம் பாவம் பார்ப்பான் என்பது அவருடைய பயம். இப்படியே உட்கார்ந்திருந்தால் இருக்கிற காலும் போய்விடும் என்று மருத்துவர் அக்காவிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. அக்கா வோல்வோவை எடுத்துக்கொண்டு வந்து, "இனிமே எடம் நான் பாக்குறேன்" என்றார். சரி என்றோம். அன்றிலிருந்து எங்களுக்குச் சனியன் பிடித்தது.

முதலில் அண்ணன் வேலை செய்த ஆலைக்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பழக்குலை லோரிகள் எடை போடும் மேடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பது ஆலையின் விதி. காவலாளி எங்களையும் விடவில்லை. ஒவ்வொரு காரையும் மேடையில் ஏற்றி, எடை அச்சடித்த சீட்டைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினான். சுகுமாறனின் வோக்ஸ்வேகன் இருக்க வேண்டியதைவிட எழுபது கிலோ கூடுதலாகக் காட்டியது. "துருப்பிடிச்ச ஓட்டையெல்லாம் மாவு போட்டு அடைச்சா எழுபது கிலோ வராம என்ன செய்யும்" என்று யாரோ சொல்ல, சுகுமாறன் இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. சட்டையிலிருந்து ஆலை வாடை போக எனக்கு மூன்று முறை துவைக்க வேண்டியிருந்தது.

அடுத்து பொந்தியானில் மீன் இறக்கும் படகுத்துறை. உப்புக் காற்று! பழைய காருக்கு அதைவிட விஷம் உண்டா? எல்வின் தன் மோரிஸின் கண்ணாடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது பின்னிருக்கையில் இரண்டு பூனைகள் ஒரு மீன் தலையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மூன்றாவது, கெலாங் பாத்தாவில் யாருமே குடிவராத ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி வாகன நிறுத்துமிடம். கிளட்ச் புகைய ஏறினோம். பார்க்க வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் காவலாளிகள்.

அன்றைக்கு நான் வெடித்துவிட்டேன்.

"யாருமே வராத எடத்துல எதுக்குக்கா ஷோ? காடிக்குக் காத்து வாங்கவா?"

அக்கா வோல்வோவின் அடியில் அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் இல்லாத எடம்னா வருவார்னு நெனச்சேன், மதி."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

அப்புறம்தான் சொன்னார். ஆலை என்றால் வேலை செய்த இடம், வருவார் என்று நினைத்திருக்கிறார். வரவில்லை. பொந்தியான் படகுத்துறை அண்ணன் சனிக்கிழமைதோறும் தூண்டில் போட்ட இடம். வரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் கூசுகிறாரோ என்று ஆளில்லாத மாடியைத் தேடிப் பிடித்திருக்கிறார். காலையில் சட்டையை எடுத்து வைத்திருக்கிறார், ஊன்றுகோலைத் துடைத்து வைத்திருக்கிறார். "நீ போய்ட்டு வா" என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். மருத்துவர் சொன்னதையும் அப்போதுதான் சொன்னார். ஒரு வருடமாக எங்கள் பதினேழு கார்களும் ஓர் ஆளுக்காக ஜொகூரைச் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும், முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேனே என்ற எரிச்சலும் போகவில்லை.

அடுத்த வாரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்றதால், தூங்குகிறார் என்று சொல்ல அக்காவுக்கு வாயெழவில்லை, உள்ளே விட வேண்டியதாயிற்று. திரைச்சீலை இழுத்த முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வாய் லேசாகக் கோணியிருந்தது, வார்த்தைகள் சற்று வழுக்கின. அக்கா எனக்கு வடை வாங்கி வருகிறேன் என்று வோல்வோவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உட்காரத்தான் தெரியாதே. கார் சந்தின் முனையில் திரும்பியதும் இரண்டாவது கியர் கறகறவென்று கத்தியது.

அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பல்லில் பட்டதுபோல முகம் சுருங்கியது.

"கேட்டியா? தெனமும் இதே. அந்த ரெண்டாவது கியர கொஞ்சம் நிறுத்தி, அப்பறம் தள்ளணும். அவ எங்க நிறுத்துவா? நீயாச்சும் சொல்லேன்."

"நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லுங்களேண்ணே."

அண்ணன் ஊன்றுகோலின் ரப்பர்க் காலைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் வடை வரும்வரை உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் கூலாயில் ஒரு தே தாரிக் கடை. எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"அடுத்த ஷோ எங்க வீட்டு முன்னால. எங்க லோரோங்லயே."

எல்வினுக்குத் தேத்தண்ணீர் புரை ஏறியது. "தாமான் வீட்டு சந்துலயா? சாக்கட ஓரத்துலயா?"

"ஏன், கல்யாணத்துக்கு ரோட்ட அடைச்சு டென்ட் போடுறதில்லயா? கருமாதிக்குப் போடுறதில்லயா? காடிக்குப் போட்டா என்ன? இருவத்திரெண்டு வீட்லயும் கையெழுத்து வாங்கியாச்சு."

காகிதத்தை மேசைமேல் வைத்தார். சீனக் கிழவர், மலாய் ஆசிரியை, முனை வீட்டு வெள்ளையம்மா, எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன். அண்ணனிடம் சொல்லியாயிற்றா?

"சொன்னேன். என்னமோ பண்ணு, நான் கதவத் தொறக்க மாட்டேன்னுட்டாரு." அக்கா குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "அவர் வரலன்னா நாம போவோம், மதி. இதுக்கு மேல பக்கமா எனக்கு எடம் தெரியல."

யாரும் மறுக்கவில்லை. சுகுமாறன்கூடத் தலையாட்டினான்.

இனி நடந்ததற்கு முழுக் காரணம் அக்காவின் அவசரம். ஒரு மத்தியானம் இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவே நின்றுகொண்டு கூடாரம் போடும் தங்கராஜுவுக்கு அழைத்திருக்கிறார். ஒரு காதில் ஃபோர்க்லிஃப்ட் சத்தம், மறு காதில் தங்கராஜு. எத்தனை நாற்காலி, எப்படிப் போட வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். நின்று பதில் சொல்ல அக்காவுக்கு ஏது நேரம்? "போன தடவ எங்க வீட்டுக்குப் போட்டீங்களே, அதே மாதிரி போட்டுருங்க. ஞாயித்துக்கெழம காலையில" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போன தடவை தங்கராஜு அந்த வீட்டுக்குக் கூடாரம் போட்டது மூன்று வருடம் முன்பு. அண்ணனின் தாயார் இறந்தபோது.

தங்கராஜு எதுவும் கேட்கவில்லை. அந்தத் தொழிலில் யாருக்கு என்று கேட்கும் பழக்கம் இல்லை. அண்ணனுக்கு உடம்பு முடியாதது அவருக்கும் தெரியும். சாவுக்கு யாராவது நாள் குறித்துச் சொல்வார்களா என்று அவர் யோசித்திருக்க வேண்டாமா என்று பிற்பாடு சண்டை போட்டேன். "ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சேண்ணே" என்றார். என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அக்கா வீட்டில் இல்லை. அண்ணனுக்குக் கோப்பி கலந்து கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கே அட்டை சேகரிக்கக் கிளம்பிவிட்டார். எட்டரைக்கு நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எல்லாக் கார்களும் சேர்ந்து, அங்கிருந்து வரிசையாக வருவதாக ஏற்பாடு. அண்ணனுக்குத் துணையாகப் பொந்தியானிலிருந்து அவருடைய தங்கை டோரிஸ் வந்திருந்தார். பின்கட்டில் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு நூறு பேருக்கு மீகூன் பிரட்டிக்கொண்டிருந்தார்.

ஆறரைக்கு தங்கராஜுவின் ஆட்கள் வந்தார்கள். வெள்ளைக் கூடாரம். வீட்டைப் பார்த்தபடி வரிசை வரிசையாக வெள்ளை நாற்காலிகள். கேட்டின் ஓரம் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் பெயர் எழுத ஒரு நோட்டு, ஒரு பேனா. தோரணம் இல்லை, வாழை மரம் இல்லை. ஆறே முக்காலுக்கு, ஜெபக் குழுவை நடத்தும் கிறிஸ்டின் ஏழு மணிப் பூசைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தார். அவருக்கு மேற்கொண்டு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் இருபது பேரிடம் சொன்னார். இருபது பேரும் கைப்பேசியை எடுத்தார்கள். ஒன்பது மணிக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஆலையிலிருந்து அண்ணனோடு வேலை செய்தவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஒரு மலர்வளையமும் வந்தது.

டோரிஸைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சாவு வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தாரும் வெள்ளைக் கூடாரத்தைப் பார்த்துவிட்டு, கண்காட்சிக்கு முன்பே அண்ணன் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். வருவார்கள், கையைப் பிடிப்பார்கள், போய் உட்காருவார்கள். அவ்வளவுதான். டோரிஸ் எட்டிப் பார்த்திருக்கிறார். கார் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று பூரித்துப்போய்த் தேத்தண்ணீர் கலந்து கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். "என்ன மரியாதையான ஆளுங்கன்னு நெனச்சேன்" என்றார் பிறகு. கண்ணீரே இல்லாமல் தேத்தண்ணீர் கொடுக்கிறவரைப் பார்த்துவிட்டு, பாவம், அதிர்ச்சியில் இருக்கிறார் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். உடல் இன்னும் மருத்துவமனையிலிருந்து வரவில்லை என்றும் யாரோ சொன்னார்கள். மூடிய கதவுக்குப் பின்னால், திரைச்சீலை இழுத்த முன்னறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் ஒன்பதே காலுக்கு வந்து சேர்ந்தோம். முன்னால் வோல்வோ, அதில் அக்கா தனியாக. பின்னால் என் டட்சன், அப்புறம் மற்றவர்கள். வரிசை அறுந்துவிடக் கூடாது என்று பதினேழு கார்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வருவது எங்கள் வழக்கம். கண்காட்சி நடத்துகிறவர் காருக்கு மாலை போடுவதும் வழக்கம். வோல்வோவின் மூக்கில் சாமந்தி மாலை தொங்கியது. சந்துக்குள் திரும்பினோம்.

கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கிறிஸ்டின் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஜெபத்தைத் தொடங்கினார்.

வோல்வோ ஒரு குலுக்குக் குலுக்கி நடுச்சாலையில் நின்றது. அக்கா கதவைத் திறந்து இறங்கினார். வெள்ளைக் கூடாரத்தைப் பார்த்தார். வெள்ளைச் சேலைகளைப் பார்த்தார். ஓடினார். ஒரு செருப்பு சாலையிலேயே கிடந்தது.

நானும் நம்பிவிட்டேன். முதலில் வந்தது துக்கமில்லை, டோரிஸ் ஏன் போன் பண்ணவில்லை என்ற கோபம்தான். என் புத்தி அப்படி. இறங்கி அக்காவின் பின்னால் ஓடும்போதுதான், அன்றைக்கு நான் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணனோடு உட்கார்ந்திருக்கலாமே என்ற நினைப்பு வந்தது.

கிறிஸ்டின் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இரு ஜெரால்டின். கர்த்தர் இருக்காரு."

"கோப்பி குடுத்துட்டுத்தானே போனேன்," என்றார் அக்கா. "காலையில கோப்பி குடுத்தேனே. சீனி பத்தலன்னு சத்தம் போட்டாரே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ஆலையில் கொதிகலன் பார்த்த மூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெரிய உருவம். குரல் அதைவிடப் பெரிது. தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார்.

"தங்கச்சி! எங்க அண்ணன் போயிட்டாரே தங்கச்சி! எத்தன தடவ வந்தேன், ஒரு தடவகூட மொகத்தக் காட்டலயே! இந்த வோல்வோவ அவருக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தானே தங்கச்சி. கிளட்ச்சுல கால எப்பிடி வைக்கணும்னு..."

"பொய் பேசாதடா மூர்த்தி!"

வீட்டுக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். வார்த்தை ஒன்றுகூட வழுக்கவில்லை.

ஜெபம் நின்றது. யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார்கள். கதவு திறந்தது. கைலியும் வெள்ளை பனியனுமாக, ஊன்றுகோலோடு, பிரெட்ரிக் அண்ணன் நின்றார்.

"அலமாக்," என்றான் எல்வின்.

"லைசன்ஸ்ல மூணு தடவ பெயிலானவன் நீ! ஒனக்குக் கத்துக்குடுத்தவன் நான்! செத்தா என்ன வேணா சொல்லலாமா?"

சொல்லிக்கொண்டே வந்தார். ஊன்றுகோல் ஒரு அடி, வலக்கால் ஒரு அடி, இடக்கால் இழுபட்டு ஒரு அடி. கார் நிறுத்தும் முற்றத்தைத் தாண்டினார். கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தில் இடக்கால் இடித்தது. அவர் அதைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டு மூர்த்தியை நோக்கி நடந்தார். தாண்டியதை அவர் கவனிக்கவேயில்லை. அக்கா கவனித்தார்.

மூர்த்தி, "அண்ணே" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் திட்டிக்கொண்டே வலக்கையால் அவர் முதுகில் தட்டினார். அதற்குப் பிறகு யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிறிஸ்டின் ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஜெபத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார். மலர்வளையத்தைச் சுகுமாறன் தூக்கி என் டட்சனுக்குப் பின்னால் மறைத்தான்.

"சிரிக்காதீங்க," என்றார் அக்கா.

சத்தம் அடங்கியது. அவர் இன்னும் அதே நாற்காலியில், ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"யாரும் சிரிக்காதீங்க. ஒரு நிமிசம் நான் தனியா இருந்தேன். ஒங்களுக்கு அது தெரியாது." அவர் அண்ணனை மட்டும் பார்த்துப் பேசினார். "மில்லுக்குக் கூப்பிட்டேன், வரல. பொந்தியானுக்குக் கூப்பிட்டேன், வரல. ஆளே இல்லாத மாடிக்குக் கூப்பிட்டேன். பதினாலு மாசம். மூர்த்தி ஒரு பொய் சொன்னதுக்கு எந்திரிச்சு வந்துட்டீங்க."

அண்ணன் சாலையைப் பார்த்தார். நடுவில் வோல்வோ, பின்னால் பதினாறு கார்கள், எல்லாம் விளக்கெரிய.

"காடி நடு ரோட்டுல நிக்குது," என்றார் கடைசியில்.

"நிக்கட்டும்."

"கியர்லயே விட்டுட்டு எறங்கியிருக்க."

"எனக்குக் கை நடுங்குது. என்னால முடியாது. நீங்களே ஓட்டிக்குங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னபிறகு அக்காவே உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் போய் எடுக்கிறேன் என்று ஓர் அடி வைத்தேன். அண்ணன் ஊன்றுகோலை எனக்குக் குறுக்கே நீட்டினார்.

அவர் காரை நோக்கி நடந்தார். வெகுநேரம் பிடித்தது. யாரும் தாங்கப் போகவில்லை, போனால் அடி விழும் என்று தெரிந்தது. வழியில் கிடந்த செருப்பை ஊன்றுகோலால் ஓரமாகத் தள்ளினார். இடப்பக்கக் கதவைத் திறந்தார். அந்தக் காரில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதலில் உட்கார்ந்து, பிறகு கைலியைப் பிடித்து இடக்காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஜெரி. ஏறு."

அக்கா அசையவில்லை.

"நீ ஸ்டியரிங்கப் புடி, கிளட்ச்ச மிதி. கியர எங்கிட்ட விடு." வலக்கையை நீட்டி அந்த நீண்ட கம்பியின் தலையைப் பிடித்துக் காட்டினார். "இந்தக் கை நல்லாத்தானே இருக்கு."

அக்கா எழுந்தார். மீதியிருந்த செருப்பையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய் ஏறினார்.

சந்து குறுகல். எல்லோருமே ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தால்தான் கார்களை வரிசையாக நிறுத்த முடியும். எல்லோரும் கார்களைக் கிளப்பினோம். வோல்வோ மெல்ல நகர்ந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் இருபுறமும் நின்று கையசைத்தார்கள். நான் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒட்டிக்கொண்டே போனேன். முன்னால், பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. சந்தின் முனை வந்தது. அக்கா திரும்பினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சத்தமே வரவில்லை. அக்கா மிதித்தார், அண்ணன் ஒரு கணம் நிறுத்தித் தள்ளினார், வோல்வோ வேகமெடுத்துப் போய்விட்டது. அந்த முனையில் கறகறவென்று கத்தியது என் டட்சன்தான்.